ஜப்பான் ராஜாவின் மூன்று மருமகன்கள்

“சார், பொண்ணுக எப்ப வருவாக?”

கேட்டவர் பால்பாண்டி. என் டுட்டோரியலில் ஒரே தாளை மூன்றாவது தடவையாக எழுதிக்கொண்டிருந்தவர். கல்யாணமாகி இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். வகுப்பில் ஒருநாளும் சந்தேகம் கேட்காத மனிதர், அன்றைக்கென்று பார்த்துக் கேட்டார்.

தேனி பஜாரில் ஒரு பலசரக்குக் கிட்டங்கியின் மாடி. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். ஜன்னல்களில் வாழைக்காய் லாரியின் தார்ப்பாயைக் கட்டி இருட்டாக்கியிருந்தோம். கீழே மிளகாய் மூட்டைகள். அதன் நெடி படியேறி வந்து முன்வரிசையில் இடம்பிடித்து உட்கார்ந்திருந்தது.

சுவரில் விரித்துக் கட்டிய எட்டுமுழ வேட்டியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. பச்சை மலைச்சரிவு. வெள்ளைத் தாடியோடு ஒரு கிழட்டு ராஜா. அவரோடு மூன்று வாலிபர்கள். மஞ்சள் உடுப்பு ஒருவன், சிவப்பு ஒருவன், நீலம் ஒருவன்.

மைக்கோடு திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்த நான் கொஞ்ச நேரம் முன்புதான் கம்பீரமாக அறிவித்திருந்தேன்: “ராஜாவுக்கு மூன்று பெண்கள். கதையே அந்த மூன்று பெண்களைப் பற்றியதுதான்.”

திரையில் இருந்தவர்களில் இரண்டு பேருக்காவது மீசை இருந்தது. மூன்றாவது ஆளுக்கு இருந்ததா என்று பதற்றத்தில் நான் கவனிக்கவில்லை.

நாற்பது பேர் என்னைப் பார்த்தார்கள். முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளில் என் மாமனாரும், அவருக்கு இரண்டு பக்கமும் என் இரண்டு சகலைகளும்.

“வருவாங்க, வருவாங்க,” என்றேன். “இவங்க மூணு பேரும் ராஜாவோட மருமகன்கள்.”

இந்த ஒரு வரி என் குடும்பத்தை என்ன பாடு படுத்தியது என்பதுதான் இந்த வாரக் கதை.

பத்து மார்க் சோகம்

டுட்டோரியல் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு போடியிலிருந்து ஒரு வாசகர், “உங்களிடம் படித்தும் நான் பாஸாகிவிட்டேன்” என்று கடிதம் போட்டிருக்கிறார். அவருடைய மன உறுதியை வணங்குகிறேன்.

ஆங்கில இலக்கியத்தில் அரியர் வைத்தவர்களுக்கு நான் வருடாவருடம் நடத்திய பாடங்களில் அந்தப் பழைய துன்பியல் நாடகமும் ஒன்று. வயதான ராஜா. மூன்று மகள்கள். யாருக்கு என்மேல் பாசம் அதிகம் என்று கேட்டு நாட்டைப் பிரித்துக் கொடுக்கிறான். தேனொழுகப் பேசிய மூத்தவர்கள் இருவருக்கும் நாடு. பேசத் தெரியாத கடைக்குட்டியைத் துரத்திவிடுகிறான். பிறகு ஒரு மாதம் பெரியவள் வீடு, ஒரு மாதம் நடுவுள்ளவள் வீடு என்று தன் பரிவாரத்தோடு போய்த் தங்குகிறான். இருவரும் கதவைச் சாத்துகிறார்கள். புயலில் பைத்தியமாக அலைகிறான். கூட ஒரு கோமாளி. கடைசியில் கடைக்குட்டி காப்பாற்ற வருகிறாள். அதற்குள் நேரமாகிவிடுகிறது. ஏறக்குறைய எல்லாரும் சாகிறார்கள். பத்து மார்க்.

இதை ஒரு ஜப்பான்காரர் படமாக எடுத்திருக்கிறார் என்று சொன்னவர் ஞானதுரை. பஜாரில் ஹார்டுவேர் கடை. தாழ்ப்பாள், கீல், ஆணி விற்றுக்கொண்டே உலகச் சினிமா பேசுவார். ஊரில் ஒரு திரைப்படக் கழகம் நடத்திவந்தார்.

“நீங்க பாத்திருக்கீங்களாண்ணே?”

“மதுரையில பாத்தேன். ரொம்ப நாளாச்சு,” என்றேன்.

நான் மதுரையில் பார்த்தது ஒரு பழைய புத்தகக் கடையில், கிழிந்த சினிமாப் பத்திரிகை ஒன்றில் இருந்த ஒரு போட்டோவை. எரிகிற கோட்டையிலிருந்து ஒரு தாடிக்காரர் படியிறங்கி வருகிற போட்டோ. அந்த ஒரு போட்டோவை வைத்து அரைமணி நேரம் பேசினேன். ஞானதுரை கண்கலங்கி, கையிலிருந்த தாழ்ப்பாளைக் கீழே வைத்துவிட்டார். “அண்ணே, டிஸ்க் வாங்கிருவோம். நாடகத்தையும் படத்தையும் ஒப்பிட்டு நீங்கதான் பேசுறீங்க.”

அப்போதே மறுத்திருக்கலாம். ஆனால் யாராவது மைக் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லும் உறுப்பு எனக்குப் பிறவியிலேயே இல்லை.

கை நனைக்காத மனிதர்

இனி என் மாமனார். சின்னமனூரில் வாழைத் தோட்டம். மூன்று பெண்கள், மகன் கிடையாது. பெரியவளை போடியில் ஏலக்காய்க் கடைக்காரருக்குக் கொடுத்தார். நடுவுள்ளவளை சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டக்காரருக்கு. கடைசி மகள் சாந்தியை எனக்கு. எனக்கு என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், “மாப்பிள்ளைக்கு வாய் இருக்கு” என்பார். அதில் பெருமை எவ்வளவு, கவலை எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மாமியார் காலமான பிறகு தனியாகத்தான் இருந்தார். அந்தச் சித்திரையில் மோட்டார் ரூம் வாசலில் வழுக்கி விழுந்தவர், எழுந்திருக்க முடியாமல் விடிந்ததிலிருந்து உச்சிவரை அங்கேயே கிடந்திருக்கிறார். அவருடைய நாய் மணி விடாமல் குரைத்ததைக் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் வந்து தூக்கினார்கள். எலும்பு முறியவில்லை. சாந்திதான் முறிந்துபோனாள்.

“அய்யாவ இனி அங்கன தனியா விடமாட்டேன்,” என்றாள்.

அவர் மசியவில்லை. பெண் கொடுத்த வீட்டில் போய் ராத்தங்குவது முறையில்லை என்பது அவர் வைத்திருந்த சட்டம். காலை பஸ்ஸில் வருவார், பேத்தியைக் கொஞ்சுவார், ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பார், கை நனைக்காமல் சாயங்கால பஸ்ஸில் போய்விடுவார். தண்ணீர் குடிப்பதே ஒரு சலுகை என்பதுபோல இருக்கும்.

“நான் மக இல்லையா?”

“மகதான் ஆத்தா. ஆனா வீடு மாப்பிள்ளை வீடுல்ல.”

மூன்று மாதம் அழுது, கோபித்து, பேசாமலிருந்து, கடைசியில் பேத்தியை விட்டுப் பேசவைத்து, சாந்தி அவரைச் சம்மதிக்க வைத்தாள். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா? ஆவணி முதல் முகூர்த்தத்தில் வருவதென்று முடிவானது. அதாவது, ஒரு மாதம் மட்டும் யாரும் எதையும் கெடுக்காமல் இருக்க வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள்தான் ஞானதுரையின் டிஸ்க் வந்து சேர்ந்தது.

பதினொரு கோழிகள்

வருவதற்கு அவர் போட்ட நிபந்தனைகள்: கயிற்றுக் கட்டில் வரும். ரேடியோ வரும். மணி வரும். பதினொரு கோழியும் வரும்.

எங்கள் வீட்டுக் கொல்லை ஒரு துவைகல்லுக்கும் ஒரு முருங்கைக்கும் மட்டுமே போதுமானது. ஆகவே நான் பேச்சுவார்த்தையில் இறங்கினேன். பதினொன்று வேண்டாம், ஆறு போதுமே என்றேன். ஆறுதான் எதற்கு, மூன்று போதாதா என்றேன்.

மூன்றுக்கு வந்தபோதுதான் உறைத்தது. நாடகத்தில் ராஜாவின் நூறு வீரர்களை ஐம்பதாக்கி, ஐம்பதை இருபத்தைந்தாக்கிப் பேரம் பேசுவார்களே இரண்டு மகள்கள், அவர்களைக் ‘கல்நெஞ்சக்காரிகள்’ என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான்தான்.

சாந்தி அவ்வளவு தூரம் இலக்கியத்துக்குள் போகவில்லை. “கோழி பூராம் வரும். எடம் பத்தலைன்னா நீங்க கொறஞ்சுக்கங்க,” என்றாள்.

படத்துக்கு மாமனாரைக் கூப்பிடப் போகிறேன் என்றபோதும் அவள்தான் தடுத்தாள். “அப்பன தெருவுல விடுற கதைங்கிறீக. அத எங்கய்யா ஏன் பாக்கணும்?”

“மருமகன் மேடையில பேசுறத ஒருதரம் பாக்கட்டுமே.”

“வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா உங்களுக்கு?”

முடியாது. அதனால் சகலைகளுக்கும் சேர்த்து நோட்டீஸ் அனுப்பினேன்.

மஞ்சள், சிவப்பு, நீலம்

டிஸ்க் சனிக்கிழமை வந்தது. ஞாயிறு காலை பிளேயரில் போட்டபோதுதான் தெரிந்தது, கீழே ஓடிய எழுத்துகள் சீன எழுத்துகள் என்று. ஞானதுரை ரிமோட்டை என்னென்னவோ அழுத்தினார். ஜப்பானியர்கள் சற்று நேரம் வேறு ஏதோ ஒரு பாஷையில் பேசிவிட்டு, மனசு கேளாமல் ஜப்பானியத்துக்கே திரும்பினார்கள்.

“பரவால்லண்ணே, நீங்கதான் பாத்திருக்கீங்களே. கதையச் சொல்லிக்கிட்டே வாங்க,” என்று மைக்கை என் கையில் வைத்தார்.

இப்படியாகத்தான் அந்த மூன்று ஆண்பிள்ளைகளும் மருமகன்கள் ஆனார்கள்.

ராஜா ஆளுக்கு ஒரு அம்பு கொடுத்தார். ஒடித்தார்கள். மூன்றைச் சேர்த்துக் கொடுத்தார். ஒடியவில்லை. நாடகத்தில் அம்பே கிடையாது, எனக்கு வியர்த்தது. ஆனால் சபைக்குச் சந்தோஷம். விறகுக்கட்டுக் கதை யாருக்குத்தான் தெரியாது? அப்போது நீலச் சட்டைக்காரன் மூன்று அம்புகளையும் முழங்காலில் வைத்துப் படக்கென்று ஒடித்துப் போட்டான்.

“இவன் யாரு மாப்ள?” என்றார் மாமனார்.

“கடைசி மருமகன் மாமா.”

“திமிரு புடிச்சவனா இருக்கான்,” என்று சொல்லிவிட்டு என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

பெரிய சகலை மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். அவர் ஏலக்காய் வியாபாரி. வாசனையை வைத்தே தரம் பார்ப்பவர். என்னிடமிருந்து ஏதோ ஒரு வாசனை வருவதை அவர் அப்போதே பிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். நடு சகலை பாவம், சிவப்புச் சட்டை போட்டு வந்திருந்தார்.

கொஞ்ச நேரத்தில் வெள்ளை முகமும், மழித்து நெற்றியில் வரைந்த புருவமுமாக ஒரு பெண் வந்தாள். “இதோ, மூத்த மகள்!” என்று கத்தினேன். கிணற்றில் விழுந்த வாளி கிடைத்ததுபோல ஒரு நிம்மதி. பால்பாண்டிகூடக் கைதட்டினார்.

அவள் மஞ்சள் சட்டைக்காரனைத் தூண்டிவிட்டு, கிழவரைக் கோட்டையை விட்டே போகச் செய்தாள். அடுத்து சிவப்புச் சட்டை வீடு. அங்கேயும் கதவடைப்பு. “ஒவ்வொரு மருமகனும் வெளிய தள்ளுறான்,” என்று மைக்கில் உருக்கமாகச் சொன்னேன். மிளகாய் நெடியில் நான்கு பேர் தும்மினார்கள், இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். எல்லாம் என் பேச்சின் வலிமை என்று எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் சண்டை வந்தது. மஞ்சள் படையும் சிவப்புப் படையும் சேர்ந்து கிழவர் மூன்றாவதாகப் போய்த் தங்கிய, நீலச் சட்டைக்காரனின் கோட்டையை வளைத்துத் தீ வைத்தன. அம்பு பறக்கிறது, ஆட்கள் விழுகிறார்கள். ஆனால் சத்தமே இல்லை. வெறும் இசை மட்டும் மெல்லிசாக. ஜன்னலில் ஆடிக் காற்று தார்ப்பாயைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

“சவுண்டு போயிருச்சுண்ணே,” என்று ஞானதுரை ஸ்பீக்கரை முழு அளவுக்குத் திருகினார்.

இயக்குநர் வேண்டுமென்றேதான் சத்தத்தை எடுத்திருக்கிறார் என்பதும், அதைத் திரும்ப வைக்கிற இடம் ஒரு துப்பாக்கி வெடி என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியாது.

வெடித்தது. மாடியில் இருந்த நாற்பது பேரும் எழுந்து நின்றார்கள். கீழே கிட்டங்கியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையைப் போட்டுவிட்டு வீதிக்கு ஓடினார்கள். எனக்கு முன்னால் ஒரு முட்டை போண்டா உருண்டு போனது.

எல்லாரும் திரும்ப உட்கார்ந்து பார்த்தபோது மஞ்சள் சட்டைக்காரன் செத்துக் கிடந்தான். சுட்டது சிவப்புச் சட்டையின் ஆள்.

பெரிய சகலை மெதுவாகத் திரும்பி நடு சகலையைப் பார்த்தார்.

“என்னய ஏன் சகல பாக்குறீக?” என்றார் நடு சகலை.

அதோடு நின்றிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். கிழவர் பைத்தியமாகி, கோமாளி ஒருவனோடு காட்டில் அலைந்து முடித்ததும், அந்த வெள்ளை முகத்துக்காரி, நான் மூத்த மகள் என்று உலகறிய அறிவித்தவள், சிவப்புச் சட்டைக்காரனிடம் பணிவாக வந்தாள். திடீரென்று பாய்ந்து அவன் கழுத்தில் கத்தியை வைத்தாள். நடு சகலை தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். அடுத்து அவள் கத்தியைப் போட்டுவிட்டு அவன் மடியில் விழுந்தாள்.



“ஏம்ப்பா,” என்று பின்னாலிருந்து ஒரு குரல், “அது தங்கச்சி புருசன்ல?”

கரண்ட் போனது.

மைக் இல்லாமல் பேசியது

அந்த வருடங்களில் கரண்ட் சொல்லாமல் போகும், சொல்லாமல் வரும். தார்ப்பாயை அவிழ்த்துவிட்டோம். பளீரென்று வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“மாப்ள, சாந்திக்கிட்டச் சொல்லிருங்க. ஆவணியில வண்டி அனுப்ப வேணாம்.”

“மாமா, இது வெறும் சினிமா…”

“நீங்க படிச்சவுக. நீங்களே சொன்னீக. மூணு மருமகன், மூணு வீடு, மூணுலயும் வெளிய தள்ளுனாக. மக வீட்டுக்குப் போனவனுக்கு ஊரு ஒலகமெல்லாம் ஒரே கததான் போலருக்கு. நான் என் மோட்டார் ரூம்லயே கெடக்கேன். மணி கொலச்சா யாராச்சும் வருவாக.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். மோட்டார் ரூம் வாசலில் அவர் கிடந்த அந்தக் காலைப்பொழுது என் கண்ணில் வந்தது. கூடவே, வீட்டில் கட்டிலுக்கு இடம் ஒதுக்கி, அலமாரியை இரண்டு முறை நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்த சாந்தியும்.

ஞானதுரை எனக்கு டீ நீட்டினார். “பிரமாதம்ணே. அப்படியே மனசுக்குள்ள எறங்குது.”

எனக்கு இரண்டே வழிதான் இருந்தது. மேதை என்ற பெயரோடு வீட்டுக்குப் போய் சாந்தி முகத்தில் முழிக்கலாம். அல்லது மேதை என்ற பெயரை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம். நான் பெரிய தியாகி இல்லை. சாந்தியின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும், அவ்வளவுதான்.

“எல்லாரும் கொஞ்சம் கவனிங்க,” என்றேன். மைக் வேலை செய்யாததால் கத்த வேண்டியிருந்தது. “அவங்க மருமகன்கள் இல்ல. ராஜா பெத்த மகன்கள். நாடகத்துல மூணு மகள். ஜப்பான்காரர் மூணு மகனா மாத்திட்டாரு. அது எனக்குத் தெரியாது. ஏன்னா நான் இந்தப் படத்தப் பாத்ததே இல்ல. அந்த வெள்ளை முகம் மூத்த மருமக. நான் சொன்னது பூராவும் பொய்.”

படத்தில் சண்டைக்கு வைத்திருந்த அதே நிசப்தம்.

“அண்ணே, மதுரையில பாத்தேன்னீங்க?” என்றார் ஞானதுரை.

“போட்டோ பாத்தேன்.”

நடு சகலைதான் முதலில் சிரித்தார். உயிர்தப்பியவர் சிரிப்பு. பிறகு பெரிய சகலையும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்புறம் மாடியே சிரித்தது. நான் எழுதிய எந்த நகைச்சுவைக் கட்டுரைக்கும் இத்தனை பேர் சேர்ந்து சிரித்ததில்லை.

மாமனார் சிரிக்கவில்லை. திரும்ப உட்கார்ந்தார்.

“அப்ப மூணு பேரும் பெத்த மகன்களா?”

“ஆமா மாமா.”

“அதச் சொல்லுங்க மொதல்ல! மகன்னா செய்வான். ஜெயமங்கலத்துல என் கூட்டாளி ஒருத்தன், நாலு மகன். ஒருத்தனும் கஞ்சி ஊத்தல.”

“எங்க பெரியப்பாவுக்கும் அதே கததான்,” என்றார் பால்பாண்டி.

“அந்த ஜப்பான்காரருக்கு வெவரம் தெரிஞ்சிருக்கு,” என்றார் மாமனார். “ராசா பொண்ணு வீட்டுல போயி மாசக்கணக்கா குந்தியிருப்பானா? நம்புற மாதிரியா இருக்கு? மகன்னு மாத்துனதும் கத சரியாப்போச்சு. நல்லவேள, எனக்கு மகன் இல்ல.”

நான் வருடக்கணக்காக நடத்திய நாடகத்தின் அடிப்படைக் கோளாறை, முட்டை போண்டா சாப்பிட்டுக்கொண்டே ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். நாற்பது பேரும் தலையாட்டினார்கள். ஆனால் எனக்கு மட்டும் கணக்கு உதைத்தது. மருமகன்கள்மேல் இருந்த பழி நீங்கியது சரி. பெண் வீட்டில் போய்த் தங்கக் கூடாது என்ற சட்டம் இன்னும் பலமாகி அல்லவா உட்கார்ந்துவிட்டது?

காணாமல் போகாதவன்

கரண்ட் வந்தது. மைக்கை ஞானதுரையே எடுத்து ஒரு மூலையில் வைத்துவிட்டார். நான் மாமனார் காலடியில் தரையில் உட்கார்ந்தேன்.

அடக்கமாக இருந்திருக்கலாம். ஆனால் திரையில் கிழவரோடு அந்தக் கோமாளி இன்னும் திரிந்துகொண்டிருந்தான். நாடகம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அதில் புயல் காட்சி முடிந்ததும் கோமாளி காணாமல் போவான். எங்கே போனான் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஐந்து மார்க் கேள்வி அது.

“பாத்துக்கங்க மாமா,” என்று கிசுகிசுத்தேன், “இனி இவன் வரமாட்டான்.”

அடுத்த காட்சியில் வந்தான்.

“இத்தோட சரி மாமா.”

மறுபடி வந்தான். கிழவரை வைதான், பாடினான், ‘உன்னோடு யார் அலைவது’ என்பதுபோல விட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தான், அழுதுகொண்டே திரும்பி வந்தான். அவன் வருகிற ஒவ்வொரு தடவையும் மாமனார் குனிந்து என்னைப் பார்த்தார். கடைசியில், கிழவரைத் தேடி வந்த நீலச் சட்டை மகன் குண்டடிபட்டுச் சாக, அந்த அதிர்ச்சியில் கிழவரும் விழ, அவர்மேல் விழுந்து வானத்தைப் பார்த்துக் கடவுளை வைதுகொண்டிருந்தவன் அந்தக் கோமாளிதான்.

“வந்துட்டான் மாப்ள,” என்றார் மாமனார்.

அந்த நாடகமும் இந்தப் படமும்

பல வருடம் கழித்து, எனக்குப் படிக்கத் தெரிந்த எழுத்து ஓடும் டிஸ்க் ஒன்றில் இந்தப் படத்தைப் பார்த்தேன். ஞானதுரைக்குத் தரவேண்டிய ஒப்பீட்டுரை பாக்கி இருக்கிறது. சுருக்கமாக இங்கே தந்துவிடுகிறேன்.

நாடகத்தில் ராஜா இளமையில் என்ன செய்தார் என்று தெரியாது. வரும்போதே கிழவர், ஆகவே நமக்குப் பரிதாபம். படத்தில் அவர் ஊர் ஊராகக் கோட்டைகளை எரித்துவிட்டு வந்தவர். அந்த வெள்ளை முகத்துக்காரியின் பிறந்த வீட்டையும் எரித்தவர். அவள் மருமகளாக வந்து வட்டியோடு திருப்பித் தருகிறாள். நாடகம் ‘பிள்ளைகள் இப்படிச் செய்யலாமா’ என்று கேட்கிறது. படம் ‘நீ என்ன செய்துவிட்டு வந்தாய்’ என்று கேட்கிறது.

நாடகம் காதுக்கானது. ராஜா பேச்சைக் கேட்டு ஏமாறுகிறார், பேச்சாலேயே புலம்பித் தீர்க்கிறார். படத்தில் பேச்சு ஓய்ந்த இடத்தில்தான் பயங்கரம். என்னைப்போல வாயை நம்பிப் பிழைப்பவனுக்கு அது சங்கடமான படம்.

மூன்றாவது வித்தியாசம் கோமாளி. நாடகத்தை எழுதியவர் அவனைப் பாதியில் மறந்துவிட்டாரா, கைவிட்டாரா என்று பண்டிதர்கள் சண்டை போடுகிறார்கள். ஜப்பான்காரர் கடைசிவரை கூட்டிவந்தார். இதன் கலை மதிப்பு என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குடும்ப மதிப்பு தெரியும்.

ஆவணி

சகலைகள் அவரவர் ஊருக்குக் கிளம்பிவிட, மாமனாரைச் சின்னமனூர் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். மதிய வெயிலோடு மண்ணையும் வாரி அடித்துக்கொண்டிருந்தது காற்று. ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தவர் கம்பிக்கு வெளியே முகத்தை நீட்டினார்.

“மருமகன் வீட்டுல போயித் தங்குறது மொறையில்ல மாப்ள. அதுல மாத்தமில்ல.”

“சரி மாமா.”

“ஆனா அந்தக் கோமாளிப்பய…”

“வரமாட்டான்னு சொன்னது என் தப்புதான் மாமா.”

“அட, கேளுங்க. கோட்டை இருக்கையிலயும் இருந்தான், எரிஞ்ச பொறகும் இருந்தான். அவனுக்கு ராசா என்னத்தக் குடுத்தாரு? ஒண்ணுமில்ல.” துண்டால் முகத்து மண்ணைத் துடைத்தார். “நாப்பது பேருக்கு முன்னால, எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் சொன்னது பொய்யின்னு கத்துனீகளே. எதுக்கு? இந்தக் கெழவன் ஆவணியில வரணும்னுதான?”

நான் பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அந்த மூணு பேருல நீங்க யாருன்னு ரொம்ப நேரமாத் தேடிக்கிட்டு இருந்தேன். மூணுலயும் இல்ல. கோவிச்சுக்காதீக மாப்ள…”

“இல்ல மாமா. புரியுது.”

பஸ் நகர்ந்தது. “மொத முகூர்த்தத்துல டெம்போ அனுப்புங்க!” என்று கத்தினார். “கோழி பதினொண்ணு!”

வீட்டுக்கு வந்து சொன்னேன். சாந்தி நம்பவில்லை. “எப்படிங்க? நானே மூணு மாசம் அழுதேன். அய்யாவ என்ன சொல்லி மயக்குனீக?”

“ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேன்.”

“அத வீட்டுல ஒருநாளாவது சொல்லியிருக்கீகளா?” என்றாள்.

ஆவணியில் டெம்போ வந்தது. கயிற்றுக் கட்டில், ரேடியோ, மணி, கோழிகள். எதிர்வீட்டில் ஒரு ரிட்டையர்டு தாசில்தார் இருந்தார். தெருவில் எது வந்து இறங்கினாலும் விசாரணை வைப்பவர். வாசலுக்கே வந்துவிட்டார்.

“என்ன பெரியவரே, மக வீட்டோடயே வந்துட்டீகளா?”

நான் கலங்கிப்போனேன். சாந்தி கதவைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதானே மனிதர் இத்தனை வருடம் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்?

மாமனார் டெம்போவிலிருந்து நிதானமாக இறங்கித் துண்டைச் சரிசெய்தார்.

“மக வீட்டுல, மருமகன் வீட்டுலயெல்லாம் போயித் தங்குறது எங்க பக்கம் வழக்கமில்லைங்க,” என்றார். “இது நம்ம கோமாளி வீடு.”

தாசில்தார் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கைக்கு இரண்டாக நான்கு கோழிகளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, தோளில் ரேடியோவோடு, வேட்டி நுனியை மணி கவ்வியிழுக்க நின்றுகொண்டிருந்தேன்.

மேற்கொண்டு அவர் எதுவும் கேட்கவில்லை.